ப்ரியா மிஸ்ஸின் பிழைகள்

ஜூலை 14, திங்கட்கிழமை. பம்மலிலுள்ள ஒரு தனியார் பள்ளியின் ஆங்கில ஆசிரியைக்கு ஆங்கிலமே தெரியவில்லை என்பது புகார். கொண்டு வந்தவர் ஏழாம் வகுப்பு மிருதுளாவின் தந்தை வைத்தீஸ்வரன். அரசு அலுவலகத்தில் ஆங்கிலக் கோப்புகளைத் திருத்தியே தலை நரைத்தவர். கடைப் பலகையில் ஒரு பிழை கண்ணில் பட்டால், வந்த பேருந்தை விட்டுவிட்டுக் கடைக்காரரோடு வாதாடி நிற்பவர்.

"பாருங்க சார்!" என்று கைப்பேசியை முதல்வர் ஐசக்கின் மூக்கருகே நீட்டினார். "கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல தினம் சாயங்காலம் ஒரு பாரா போடறாங்க. பாராவுக்கு அஞ்சு தப்பு. ஒரு நாள்கூடக் குறையல!"

"நீங்க என்ன பண்ணீங்க?"

"விடுவேனா? அஞ்சையும் திருத்தி, காரணத்தோட குரூப்லயே போட்டுடுவேன்."

சொல்லும்போதே அவர் நெஞ்சு நிமிர்ந்தது. நிமிராதா பின்னே? திருத்தம் வந்து விழுந்ததும் பெற்றோர்கள் கைகூப்பும் படங்களைக் கொட்டுவார்கள். வியாழனன்று தாம்பரம் நெரிசலில் அவர் சிக்கிக்கொண்டபோது, "இன்னும் போடலையா சார்?" என்று போன்மேல் போன். ஊருக்கு ஆங்கிலத்தின்மேல் இத்தனை பசியா என்று உருகியே போனார்.

"மிஸ் ஒண்ணும் சொல்லலையா?"

"'உங்ககிட்ட தனியா பேசணும் சார்'னாங்க. மழுப்பற வேலை! எதுவானாலும் பிரின்ஸ்பால் முன்னாடி பேசிக்கலாம்னுட்டேன்."

ஐசக் பெருமூச்சு விட்டார். ப்ரியாவின் தகுதிகாண் பருவம் அந்த வாரத்தோடு முடிகிறது. வேலையில் நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று அவர்தாம் முடிவு செய்யவேண்டும். ஆளனுப்பி ப்ரியாவை அழைத்தார்.

"மிஸ், இந்தப் பாரா எல்லாம் நீங்க எழுதினதா?"

"ஆமா சார்."

"இந்தத் தப்பெல்லாம்?"

"அதுவும் நான்தான் சார்."

"கேட்டீங்களா! வாயாலயே ஒத்துக்கிட்டாங்க!" என்று மேசையைத் தட்டினார் வைத்தீஸ்வரன். "இன்னைக்கே இவங்களை வெளிய அனுப்புங்க சார்!"

ப்ரியா அவர் பக்கம் திரும்பி, இரு கைகளையும் கூப்பினார்.

"தப்பைக் கண்டுபிடிக்கறதுதான் சார் பசங்களுக்கு ஹோம்வொர்க்கே. தயவுசெஞ்சு நீங்க குரூப்பை விட்டு வெளிய போங்க!"