தவித்தால் திறக்காது

குழந்தைவேலின் மணிக்கட்டுப் பட்டை சிவந்தது. வாசல் கதவு பூட்டிக்கொண்டது. போதை மாத்திரைக்கு மனம் தவிப்பதைப் பட்டை உணர்ந்தால் வீடு அவனை வெளியே விடாது. மனைவி பூங்கொடிதான் பிடிவாதமாக நின்று இந்தப் பூட்டைப் பொருத்தவைத்தாள்.

இன்று அவன் தவித்தது செத்துப்போன அம்மாவுக்காக. கதவுக்கு எல்லாத் தவிப்பும் ஒன்றுதான்.

போனில் அக்கா அலறினாள். “பொழுது எறங்குது தம்பி, அம்மாவ எடுக்கோணும். கடைசிப் பையன் நீதான கொள்ளி வெக்கோணும்?”

“அழுவாதீங்க. மனச அடக்குனாத்தான் கதவு தொறக்கும்,” என்று பூங்கொடி கெஞ்சினாள். அவனால் முடியவில்லை.

சட்டென்று சுவிட்ச் பெட்டியின் மூடியைக் கழற்றி, உள்ளே ஒளித்து வைத்திருந்த மாத்திரையை எடுத்தான். விழுங்கினால் தவிப்பு அடங்கிவிடும்.

பூங்கொடி அவன் உள்ளங்கையையே பார்த்தாள். பிறகு அடுக்களைக்குப் போய், ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள்.