முறைத் தண்ணீர்

காலை ஐந்தரை மணி. கிணறு ஒன்று, பங்கு இரண்டு. மோட்டாரைப் போட்டவர் பொன்னுலிங்கம்.

அன்று அவருடைய முறை. ஆனால் தண்ணீர் போனது பக்கத்தில் இருந்த செல்லக்கனியின் வயலுக்கு.

செல்லக்கனி அவர் தம்பியின் மனைவி. தம்பி இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அஞ்சுகிராமத்துக்கு வெளியே கணவர் விட்டுப்போன நாற்பது சென்டில், அவள் முதன்முதலாக உள்ளி, அதாவது வெங்காயம், போட்டிருந்தாள். சித்திரையில் பறித்து, ஓணம் வரை வைத்திருந்து விற்றால், மகள் நந்தனாவை நர்சிங்கில் சேர்க்கலாம். இல்லாவிட்டால் நிலத்தைத்தான் விற்க வேண்டும்.

"அத்தான், ஒங்க உள்ளித் தாளெல்லாம் சாய்ஞ்சு கெடக்கு. தண்ணி பாஞ்சு ரெண்டு வாரம் இருக்கும். இன்னைக்காவது அங்க திருப்புங்க."

"எனக்க வயலு காய்ஞ்சா காயட்டும். பிள்ளைக்க படிப்புதான் முக்கியம். நீ மடையப் பாரு."

போன வாரம்தான் ஒரு மூடை யூரியாவையும் அவரே கொண்டுவந்து இறக்கியிருந்தார்.

வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த பக்கத்து வயல்காரி பூங்கனி நிமிர்ந்தாள்.

"எனக்க மாப்பிளைக்கும் அண்ணன்னு ஒருத்தரு உண்டு. அப்பன் செத்த பதினாறாம் நாளே நிலத்த அளக்கக் கயிறோட வந்தாரு. ஒனக்குக் கெடச்சது தெய்வம்ட்டி."

செல்லக்கனி கண்ணைத் துடைத்துக்கொண்டு மடையைத் திறந்தாள்.

பறித்தபோது பொன்னுலிங்கத்தின் உள்ளி கோலிக்காய் அளவுதான் இருந்தது. அவளுடையது எலுமிச்சை அளவு. ஊரே வந்து பார்த்தது. முதல் சுளகு உள்ளியை அவள் அத்தான் வீட்டில் கொண்டுபோய் வைத்தாள்.

அப்போது விலை இல்லை. இரண்டு வீட்டாரும் ஓலைக் கொட்டகையில் பரண் கட்டி உள்ளியைப் பரப்பினார்கள்.

ஆனி பிறந்ததும் செல்லக்கனியின் கொட்டகை நாறத் தொடங்கியது. வியாபாரி யேசுரத்தினத்தை வரச் சொன்னாள். அவர் பரணில் கைவைத்தார். விரல் புதைந்தது. கீழே கறுப்பாகத் தண்ணீர் சொட்டியது.

"பறிக்கிய வரைக்கும் தண்ணி விட்டியளா, அக்கா?"

"விட்டோம். யூரியாவும் போட்டோம்."

"அப்போ ஊதத்தான் செய்யும். தாளு சாய்ஞ்சா தண்ணிய நிறுத்தணும். காய்ஞ்ச மண்ணுலதான் உள்ளிக்குக் கழுத்து மூடும், தோலு பிடிக்கும். கழுத்து மூடாத உள்ளி பரண்ல நிக்காது. பொன்னுலிங்கம் அண்ணாச்சிக்க பரண இப்பந்தான் பாத்துட்டு வாறேன். சருகு மாதிரி சலசலக்கு. ஓணம் தாண்டியும் நிக்கும்."

"எனக்குத் தண்ணியத் தந்ததுல அவருக்காவது நல்லதாப் போச்சு. பாவம், அவருக்கும் இதெல்லாம் தெரியாதுல்லா."

யேசுரத்தினம் அவளையே பார்த்தார்.

"எனக்கு இதச் சொல்லித் தந்ததே அவருதான்."

செல்லக்கனியின் கையில் இருந்த உள்ளி நசுங்கி முழங்கை வரை வடிந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

2012 செப்டம்பர் 10, திங்கட்கிழமை. சார்பதிவாளர் அலுவலகத்தில் நாற்பது சென்ட் நிலமும் கிணற்றுப் பங்கும் பொன்னுலிங்கத்தின் பெயரில் பதிவாயின.