தனித்தனி பேட்ச்

திண்டுக்கல்லில் சகாயராஜும் மனைவி செல்வியும் ஸ்விங் நடன வகுப்பு தொடங்கிய அன்றே பூ மண்டி உடையப்பன் வந்து நின்றார்.

"ஜோடி ஆட்டம்னா சரிதான் மாஸ்டர். அதுக்காக, கட்டுன பொண்டாட்டி கைய நாலு பேரு முன்னால பிடிச்சுப் பழகச் சொன்னா எப்படி? ஆம்பளைகளுக்குத் தனி பேட்ச் போடுங்க."

"செத்த இருங்கண்ணே." உள்ளே போய்விட்டு வந்த சகாயராஜ், "போட்டுரலாம்ணே" என்றார்.

"இன்னொன்னு. ஆட்டத்துல ஆம்பளதான பொம்பளையச் சுத்திவிடணும்?"

"முறை அதுதாண்ணே."

"அது போதும்."

காலையில் பெண்களுக்குச் செல்வி, மாலையில் ஆண்களுக்குச் சகாயராஜ். இருவரும் சொன்னது ஒன்றுதான்: "நான் வைக்கிற அடிய அப்படியே வைங்க."

மூன்றாம் மாதம் கல்யாண மண்டபத்தில் வகுப்பின் விழா. புருஷனும் பொண்டாட்டியும் ஜோடி சேர்ந்து ஆடுவது அன்றுதான் முதல்முறை. முன்வரிசை முழுக்க உடையப்பனின் மாமனார் வீட்டார். பாட்டு தொடங்கியதும் அவர் கையைத் தூக்கிப் பிடித்தாள் மனைவி பொன்னழகு. அந்தக் கைக்கு அடியில் உடையப்பன் பம்பரமாய்ச் சுற்றினார். மற்ற பதினோரு புருஷர்களும் அப்படியே சுற்றினார்கள்.

ஆட்டம் முடிந்ததும் வேர்த்து விறுவிறுத்து வந்து மாஸ்டரின் சட்டையைப் பிடித்தார் உடையப்பன். "யோவ், எங்களுக்கு எதைய்யா சொல்லிக் குடுத்த?"

"செத்த இருங்கண்ணே" என்றார் சகாயராஜ். "செல்வியக் கேட்டுட்டு வந்து சொல்றேன்."