நாற்பத்தொன்றாவது லேபிள்

ஸ்ட்ருமிட்சா நகரில் என் அக்கா ஸகோர்காவின் கணினியில் விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் போட உட்கார்ந்தேன். காலையில் அவள் மிளகாய் சுட்டு அரைத்த துவையல், குளிர்காலத்துக்காக நாற்பது ஜாடிகளில் நிரம்பி ஆறியிருந்தது. நாலு வருடம் முன்பு இறந்த திராய்சே அத்தான்தான் ஜாடிகளுக்கு லேபிள் அடிப்பார்.

"உங்க அத்தான் செஞ்சு வச்ச லேபிளும் போயிடுமாடா?"

"எல்லாமே போயிடும்க்கா."

அக்கா பேனாவைத் தேடி எடுத்தாள். "போகட்டும். கையால எழுதிக்கிறேன்."

அழித்தேன், போட்டேன். லினக்ஸ் பழைய பிரிண்டரைத் தானாகவே கண்டுகொண்டது. சோதனைப் பக்கம் ஒன்று அச்சிடக் கொடுத்தேன். வந்தவை அத்தானின் லேபிள்கள், இந்த வருடத் தேதியோடு. எண்ணினேன். நாற்பத்தொன்று.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "எண்ணத் தெரியாத மனுஷன்! ஒட்டுடா."

ஒட்டினேன். ஒரு லேபிளும் மிஞ்சவில்லை. கடைசி ஜாடி மட்டும் கையைச் சுட்டது.