கோட்டுப் பைக்குள் போன மனு

ஜனாதிபதியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோதுதான் ஹாஜிரா பீ அதைக் கவனித்தாள். அந்தக் கையில் சுண்டுவிரல் பாதிதான் இருந்தது. நாட்டை ஆள்கிறவர்களுக்கும் அடிபடத்தான் செய்கிறது என்று நினைத்துக்கொண்டு, அதே கையில் தன் மனுவை வைத்தாள்.

"என் வூட்டுக்காரு பீர் முஹம்மது, கப்பல்ல சமையல் வேலைங்க. கப்பல்ல எவனோ எவனையோ குத்திட்டான், பழிய இவரு மேல போட்டுட்டாங்க. வர்ற சனிக்கெழம உங்க ஊரு ஜெயில்ல தூக்காம். கோழி அறுக்கச் சொன்னாலே கண்ண மூடிக்கிற மனுசன், சாமி!"

ஜனாதிபதி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல், தாடி அசையத் தலையை ஆட்டினார். பிறகு மனுவை மடித்துக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டார். ஹாஜிரா பீ தேம்பித் தேம்பி அழுதாள்.

அவருக்குத் தமிழ் வராது, மனுவில் எல்லாம் இங்கிலீஷில் இருக்கிறது என்று ரகுபதி முன்பே சொல்லியிருந்தான். ரகுபதி பாண்டி பஜாரில் விளம்பரக் கம்பெனி வைத்திருப்பவன். ஹாஜிரா பீயின் டீக்கடை அவன் கம்பெனி வாசலில்தான். அடையாற்றில் நடக்கும் உலகத் தலைவர்கள் மாநாட்டில் எந்த முதலாளி எந்தத் தலைவருக்கு மாலை போடுவது, போட்டோவில் யார் எங்கே நிற்பது, எல்லாம் அவன் ஏற்பாடு.

புருஷனின் தலையெழுத்தைக் கையில் வைத்திருக்கும் அந்த நாட்டு ஜனாதிபதியே மெட்ராஸுக்கு வருகிறார் என்று தெரிந்ததும், போன வாரம் அவள் ரகுபதியிடம் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்.

"நீ உள்ள வுடலன்னா நான் அந்தாளு கார் முன்னாடி பூந்துடுவேன், நைனா. அப்பறம் உன் போட்டோவும் இல்ல, மாலையும் இல்ல."

ரகுபதி இரண்டு நாள் யோசித்தான். மூன்றாம் நாள் அவனே டீக்கடைக்கு இறங்கி வந்தான்.

"செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு அவர் மண்டபத்தைப் பாக்க வர்றார். யாருக்கும் தெரியாது. பின்வாசல் வழியா வந்து குடுத்துடு. ஆனா மறுநாள் மாநாட்டன்னிக்கு நீ வெளியவே தலை காட்டக்கூடாது, ஹாஜிராம்மா. உன்னை உள்ள விட்டது நான்தான்னு தெரிஞ்சா என் பொழப்பே போயிடும்."

"அல்லா மேல சத்தியமா வரமாட்டேன், நைனா."

இதோ கொடுத்தும் ஆகிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் ஓரமாக நின்றாள். ரகுபதியின் வாடிக்கையாளரான ஜவுளிக்கடை வெள்ளைத்துரை, ஜனாதிபதிக்கு ஏலக்காய் மாலை போட்டார். "நெஞ்ச நிமித்துங்க அண்ணாச்சி" என்று போட்டோக்காரன் அதட்ட, மாலையைக் கழற்றி மறுபடி போட்டார், மறுபடியும் கழற்றிப் போட்டார். ஒரு தடவைகூடக் காமிராவில் பல்பு எரியவில்லை. ஜனாதிபதியின் கண் கூசக்கூடாது என்பதற்காக இருக்கும் என்று ஹாஜிரா பீ நினைத்துக்கொண்டாள்.

வெள்ளைத்துரை அவளைப் பார்த்துச் சிரித்தார். "இன்னைக்கே எல்லாத்தையும் அழுது முடிச்சிரு தாயி" என்றார். அவள் அவரையும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

மறுநாள் புதன்கிழமை திருவல்லிக்கேணியே கடற்கரைச் சாலையில் நின்றது. ஹாஜிரா பீ மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தாள். மத்தியானம் பக்கத்து வீட்டு கமர் ஜஹான் மூச்சிரைக்க ஓடி வந்து கதவைத் தட்டினாள்.

"அடியே, உங்க ஜனாதிபதி தெறந்த கார்ல வர்றாருடி! நம்ம தெரு முனையில காரை நிறுத்தி, மனு வெச்சிக்கினு நிக்கிற அத்தினி பேர்கிட்டயும் அவரே வாங்கிக்கினு கீறாரு. ஓடியா!"

ஹாஜிரா பீக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என் மனு நேத்தே அவரு கோட்டுப் பையில பூட்ச்சி. குடுத்ததையே திருப்பிக் குடுத்தா, இவளுக்கு நம்மள நம்பத் தெரியலன்னு நெனச்சுக்க மாட்டாரா? நான் வாக்குக் குடுத்திருக்கேன்டி" என்று சொல்லிவிட்டுத் தாழ்ப்பாளைப் போட்டாள்.

வியாழக்கிழமை காலையில் அவள் கடை திறந்தபோது பஜார் பழையபடி ஆகியிருந்தது. பத்து மணிக்கு மீனம்பாக்கம் பக்கமிருந்து ஒரு விமானம் ஏறிப் போனது. "உங்க ஜனாதிபதி பெட்டியக் கட்டிட்டாரு" என்று எதிர்க்கடைக்காரர் சொன்னார். ஹாஜிரா பீ வெளியே வந்து, அது கண்ணுக்கு மறைகிற வரைக்கும் அண்ணாந்து பார்த்துச் சலாம் வைத்தாள். இந்த ரம்ஜானுக்குப் புருஷன் வீட்டில் இருப்பார். அவருக்குப் பிடித்த தால்ச்சாவை, அவருக்கே குறை சொல்ல வராதபடி சமைக்க வேண்டும்.

அப்போது லுங்கி கட்டிய நெட்டையான ஓர் ஆள், மாடியில் ரகுபதியின் கம்பெனிக்குப் போகிறவன், கடையில் ஒரு நிமிஷம் நின்றான். கையில் ஒரு கறுப்புக் கோட்டு, தொப்பி, பிசின் காய்ந்த ஒட்டுத் தாடி.

"ஒரு டீ குடும்மா. இதெல்லாம் மேல குடுத்துட்டு வேலைக்குப் போவணும்" என்று கையை நீட்டினான்.

கிளாஸை நீட்டிய ஹாஜிரா பீ அப்படியே நின்றாள். அந்தக் கையில் சுண்டுவிரல் பாதிதான் இருந்தது.

அவன் அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். அடையாளம் தெரிந்ததும் வாய் நிறையச் சிரித்தான்.

"அட, நீயா! அன்னிக்கு ரிகர்சல்ல நெசமாவே அழுவுற மாரி அழுதியேம்மா, நீ எந்த டிராமா கம்பெனி?"