மூன்று கட்டில்கள்

லோர்னா நிலவறைக்குள் நின்று இரண்டாவது தடவையும் எண்ணிப் பார்த்தாள். கோதுமை வாளி, தண்ணீர்ப் பீப்பாய், பீன்ஸ் டப்பா என்று எல்லாவற்றிலும் அவள் கணவன் வென்டல் ஒரே வாசகத்தை எழுதி ஒட்டியிருந்தான்: மூன்று பேர், இரண்டு வருடம். கட்டில்களும் மூன்றுதான்.

வீட்டில் இருப்பதோ நான்கு பேர். அவன், அவள், மகள் ஜூன். அப்புறம், அவளுடைய முதல் கணவனுக்குப் பிறந்த டெவின்.

டாலர் செல்லாக்காசாகும், ஊரே பட்டினி கிடக்கும் என்று சொல்லிச் சொல்லி வென்டல் ஆறு வருடமாக இந்த நிலவறையை நிரப்பியபோதெல்லாம் சிரித்தவள், இப்போது சிரிக்காமல் படியேறினாள்.

மேலே சமையலறையில், சாப்பாட்டுக்கு முன் வழக்கம்போல அவன் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டிருந்தான்.

"கீழ மூணு கட்டில்தான் இருக்கு."

"மூணு போதும்."

"டெவின் உன் ரத்தம் இல்லைன்னு இப்பதான் ஞாபகம் வந்துச்சா? நாம கதவைச் சாத்திக்குவோம், பதினொரு வயசுப் பையன் வெளிய பனியில நிக்கணுமா?"

"என்ன பேசுற நீ? சுவரோரமா நீளமா ஒண்ணு கிடக்கே, அது அவனுக்குத்தான். வளர்ற பையன்."

"அப்ப யாருக்கு இல்ல? எனக்கா?"

வென்டல் இன்சுலின் குப்பியை ஃபிரிட்ஜில் வைத்து மெதுவாகக் கதவைச் சாத்தினான்.

"கோதுமை முப்பது வருஷம் தாங்கும், லோர்னா. கரண்ட் போய் மருந்துக் கடையும் மூடிட்டா, இது ஒரு மாசம் தாங்கும். அதுவரைக்கும் நான் தரையிலயே படுத்துக்குவேன்."