அப்புறம் என்ன ஆச்சு?

கிடங்கின் முன்னறை மேசையில் கண்ணாடிக்காரர் ஒருவர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்த தச்சர் அவருக்கு ஒரு கும்பிடு போட்டார்.

“மேற்பார்வையாளர் வேலைக்கு வந்திருக்கேன் சார்.”

“உட்காருங்க. பழைய வேலையை ஏன் விட்டீங்க?”

“மாமனாரோட மரக்கடை சார். நான் செஞ்ச நாற்காலியில, வாங்க வந்தவங்க முன்னாடி அவரே உட்கார்ந்து காட்டினாரு. கால் முறிஞ்சிருச்சு.”

“அவர் காலா?”

“நாற்காலி காலுதான் சார்.”

“அப்புறம் என்ன ஆச்சு?” கண்ணாடிக்காரரின் பேனா ஓடியது.

“என் வீட்டுக்காரி சிரிச்சுட்டா. விழுந்ததைக்கூடப் பொறுத்துக்கிட்டாரு, மக சிரிச்சதைப் பொறுக்கல. ரெண்டு பேரையும் வெளியே போகச் சொல்லிட்டாரு. இந்த வேலையாவது கிடைக்கணும் சார்.”

“மாமியார் என்ன சொன்னாங்க?”

“அதை ஏன் கேக்கறீங்க? முப்பது வருஷமா புருஷன் முன்னாடி வாயே திறக்காதவங்க சார்...”

தச்சர் சொல்லி முடித்தபோது, மேலாளர் உள்ளறையிலிருந்து அவரைக் கூப்பிட்டார். போனவர் சிறிது நேரத்தில் வேலை உத்தரவோடு வெளியே வந்தார். பின்னாலேயே வந்த மேலாளர் மேசையைப் பார்த்து நின்றுவிட்டார்.

“லீவுல போன குமாஸ்தா இடத்துல நீங்க யாரு?”

கண்ணாடிக்காரர் எழுந்தார். “மேடையில கதை சொல்றவன் சார். மாசச் சம்பளத்துக்கு ஒரு வேலை தேடாம வீட்டுப் பக்கம் வராதேன்னு சொல்லிட்டாங்க. உங்க பட்டியல்ல இவருக்கு முன்னாடி நான்தான்.”

தச்சர் உத்தரவை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“மூணு தடவை கூப்பிட்டேனேய்யா, காதுல விழலையா?” என்றார் மேலாளர்.

“விழுந்துச்சு சார். அப்போதான் மாமியார் வாயைத் திறந்தாங்க.”